ஓரிரு இடங்களில்

ஞாயிறு இரவே வந்துவிட்டது
வரும் வாரத்துக்கான முன்னறிவிப்பு.
கைப்பேசியில் வரிசையாக ஏழு சூரியன்கள்,
வியாழனுக்கு மட்டும் ஓரமாக ஒரு குட்டி மேகம்.
கெடா உட்பகுதிகளில் முப்பத்தாறு, முப்பத்தேழு.
பிற்பகலில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை.

பதினோரு வருஷமாக
இதை எஸ்டேட் ஆபீஸ் பலகையில் எழுதுகிறேன்,
தமிழில், மலாயில்.
போன வருஷத்திலிருந்து வங்கமொழியிலும் இரண்டு சொல்,
குலை வெட்டும் ரஃபிகுல் எழுதிக் காட்டியது:
ரோத் என்றால் வெயில்,
ப்ரிஷ்டி என்றால் மழை.
இரண்டாவதை எழுதக் கை இன்னும் பழகவில்லை.

ஓரிரு இடங்களில்.
அந்த இடங்களை நான் பார்த்ததே கிடையாது.
யார் குடியிருக்கிறார்கள் அங்கே,
கொடியில் கிடக்கும் துணிக்கு ஓடுகிறவர்கள்?
பாலிங் பக்கம் என்கிறார் லாரி குணாளன்.
காணாமல்போன சைக்கிளுக்கும்
அவர் பாலிங் பக்கம்தான் கை காட்டினார்.

திங்கள் காலை, ஆறு மணிப் பெரட்டு.
பதினோரு மணிக்கு மேல்
காட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது
என்று மானேஜரின் உத்தரவை வாசித்தேன்.
"கூலி குலைக்கா, மணிக்கா?"
உதிரி பொறுக்கும் லோகாம்பாள் கேட்டாள்,
முக்காட்டை இறுக்கிக்கொண்டே.
நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அப்புறம் போன்கள்.
கோயில் செயலாளர் பரஞ்சோதி:
வெள்ளிக்கிழமை ராத்திரி மழை இல்லையென்று
உறுதியாகச் சொன்னால்
பந்தல் வாடகை எண்ணூறு வெள்ளி மிச்சம்.
தமிழ்ப்பள்ளி டீச்சர்:
முப்பத்தேழு என்றால் ஓட்டப்போட்டி கிடையாதாம்,
பிள்ளைகள் அழுகிறார்களாம்,
"முப்பத்தாறரை என்று போட முடியுமா?"
நானென்ன, கத்தரிக்காயா நிறுக்கிறேன்?

புதன் மதியம் இரண்டு மணிக்கு
லிம் கடையில் ஐஸ் தீர்ந்துபோனது.
பேங்க் வாசலில் ஒரு நாய்,
கண்ணாடிக் கதவின் அடியிடுக்கில் மூக்கை வைத்தபடி.
யாராவது பணம் எடுக்க வந்தால்
அதற்கு ஒரு வாய் குளிர்.
சம்பளம் வர இன்னும் ஒன்பது நாள்.
கதவு அதிகம் திறக்கவில்லை.

ஆபீஸ் பின்னால் புல்லில் நிற்கிறது
மழை அளக்கும் செப்புக் குழாய்.
தினம் காலை எட்டுக்குத் திறந்து பார்ப்பது என் வேலை.
இருபத்துமூன்று நாளாகப் பூஜ்யம்.
ஒருநாள் ஒரு பல்லி இருந்தது.
அதற்குக் கட்டம் இல்லை.

வியாழன், மூன்று இருபது.
எங்கோ ஒரு உறுமல்.
காகிதங்கள் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தன.
ரஃபிகுல் நம்பரிலிருந்து அழைப்பு,
பேச்சு இல்லை,
போனை நீட்டிப் பிடித்திருக்கிறான்:
செம்பனை மட்டைகளில் சடசட,
தள்ளுவண்டித் தகரத்தில் டங்டங்,
நடுவில் லோகாம்பாள் மாதிரி ஒரு சிரிப்பு.
"அக்கா! ப்ரிஷ்டி! பதினாலு நம்பர்!"

வாசலுக்கு வந்து நின்றேன்.
என் செருப்பின்மேல் வெயில்.
நாலு கிலோமீட்டர்.
ஓரிரு இடங்களில் ஒன்றுக்கு
இப்போது எனக்கு நம்பர் தெரியும்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது:
மூன்று இருபதுக்கு
அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்?

ஐந்து மணிக்குக் குணாளன் லாரி
எடைமேடையில் ஏறியது,
குலைகளின் முள்ளிடுக்கெல்லாம் தண்ணீர்.
அவர் என்னைப் பார்த்தார்.
பாலிங் என்று சொல்லவில்லை.
எடையை எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

வெள்ளி காலை எட்டு.
குழாய் காய்ந்து கிடந்தது.
0.0 என்று எழுதினேன்.
பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்.
பதினாலாம் நம்பரில் மழை என்று எழுதலாம்.
யார் கேட்டது என்பார்கள்.
பதினோரு மணிக்கு மேல்
அங்கே ஒருவரும் இல்லை,
என் கையால் எழுதிய உத்தரவு
பலகையில் இன்னும் இருக்கிறது.

பேனாவை மூடினேன்.
பரஞ்சோதி மறுபடி அழைத்தார்.
பந்தலைப் போட்டுவிடுங்கள் என்றேன்.