பதில் வராத கட்டம்

முதல் நாள் காலை பேனாவைக் கடிக்கச் சொன்னார்கள்,
குதிரைக்குக் கடிவாளம் போல, குறுக்கே.
அப்படியே வாசி, என்றாள் பிரென்னா,
நாக்கு தன்னால் வழிக்கு வரும்.
விடுதிக் கூடத்தில் முப்பத்தொரு பேர்
சுவரைப் பார்த்து நின்று
நிலத்தடி நீர் குறித்த அறிக்கையை
எச்சில் வழிய வழிய வாசித்தோம்.
நீர் வற்றுவதைப் பற்றி வாசிக்கையில்
அத்தனை பேர் வாயிலும் நீர்.
ஹோடன் சிரித்த சிரிப்பில் அவள் பேனா
பியானோவுக்கு அடியில் உருண்டது.
இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

பிறகு, கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்கு.
பிறகு, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு தர்பூசணி.
குழாய் தர்பூசணி கிணறு தர்பூசணி கான்சஸ் தர்பூசணி வறட்சி.
மூன்றாம் நாள் சாப்பாட்டுக் கூடத்தில்
அதே வேகத்தில் உப்பு கேட்டேன்.
பரிமாறியவர் யோசித்து, மிளகை நீட்டினார்.

நீளத் தாள்.
ஒட்டிப் பேசுவதற்கு நீலம், வெட்டிப் பேசுவதற்குச் சிவப்பு.
அவர்கள் சொன்னதற்கு நேரே நம் பதில்,
நம் பதிலுக்கு நேரே அவர்கள் மறுப்பு.
ஒரு கட்டம் வெறுமனே நின்றால்
ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.
தும்மல் வந்தாலும் சரி,
மணி அடித்துவிட்டாலும் சரி.
மௌனம் சம்மதம் என்று ஊரில் பேச்சுக்குச் சொல்வார்கள்,
இங்கே அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள்.

இரவு இரண்டு மணிக்கு அச்சு இயந்திரம் சூடாகி நின்றது.
கோப்பை நூடுல்ஸ், ஜூலைப் புழுக்கம்,
தரையெல்லாம் ஆதாரத் துண்டுகள்.
ஹோடன் ஓர் அட்டவணையை உயர்த்திக் காட்டி
இந்த மாவட்டத்தின் பெயரை எப்படி உச்சரிப்பது, என்றாள்.
உச்சரித்துக் காட்டினேன்.
அது எங்கள் மாவட்டம் என்று சொல்லவில்லை.

ஞாயிறு இரவு அப்பாவோடு தொலைபேசியில் பேசும்போது
பழைய ஆதாரத்தின் முதுகில் கோடு கிழித்துக்கொண்டேன்.
நீலம்: நான்காம் கிணறு மணலைத்தான் இறைக்கிறதா?
நீலம்: மேற்குத் துண்டை விற்கப் போகிறீர்களா?
நீலம்: அம்மாவுக்குத் தெரியுமா?
அவர், நாய்க்குக் காலில் முள் என்றார்.
ஆலங்கட்டி மழைக்குக் காப்பீட்டுக்காரர் வந்துபோனார் என்றார்.
முகாமில் நல்ல சாப்பாடா என்றார்.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றவே இல்லை நான்.

கடைசிச் சுற்றுக்கு நாணயம் சுண்டினார்கள்.
எங்கள் மாநிலக் கால் டாலரில்
ஒரு காட்டெருமை, அதன் காலடியில் சூரியகாந்தி.
பூ விழுந்தது.
நானும் ஹோடனும் ஒட்டி:
நீர் இறைப்பதற்கு அரசு வரம்பு விதிக்கத்தான் வேண்டும்.

எதிரே கான்சஸ் நகரத்துப் பையன்கள், விட்லாக், அன்செல்மோ.
விவசாயிகள், விவசாயிகள் என்றார்கள்,
அருகிவரும் ஏதோ பறவையைச் சொல்வது போல.
குறுக்கு விசாரணையில் விட்லாக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தான்:
வாழ்க்கையில் ஒரு விவசாயியிடமாவது பேசியிருக்கிறீர்களா?
ஞாயிறு இரவு ஒன்பது இருபதுக்கு, என்றேன்.
அரங்கம் சிரித்தது. அவனும் சிரித்தான்.
ஹோடன் சிரிக்கவில்லை.
தாளில் என் பெயருக்குப் பக்கத்தில்
மெதுவாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.

இரண்டுக்கு ஒன்று. வென்றோம்.
எங்களுக்கு வாக்களிக்காத நடுவர் எழுதியிருந்தார்:
‘நல்ல ஆதாரம். ஆனால் அந்த மாவட்டப் பெயரை வாசித்தபின்
பதினொரு நொடி நின்றுவிட்டீர்கள். ஏன்?’
பதினொரு நொடியில்
ஐம்பது சொல் சொல்லியிருக்கலாம்,
தர்பூசணிகளைக் கழித்துவிட்டாலும்.

அன்றிரவு அப்பாவே அழைத்தார்.
ஜெயித்தாயாமே.
ஆமாம்.
எந்தப் பக்கம் விழுந்தது, எருமையா பூவா?

கழுத்தில் நேரம் காட்டும் கருவி தொங்கிக்கொண்டிருந்தது.
அவரிடம் தாள் இல்லை, இரண்டு நிறப் பேனா இல்லை,
மறுமுனையில் மோட்டார் ஓடும் சத்தமும் இல்லை.
இந்நேரத்தில் எப்போதும் ஓடும்.

இங்கே நல்ல மழை, என்றேன்.