அறுபத்தாறு சோடிகள்

மஸ்கெலியாவில் நாலு நாளாக மழை விடவில்லை.
மடுவத்துக்குப் பின்னால் உள்ள அறையில்
மடிக்கணினியும் நானும் ஒரு பிளாஸ்டிக் வாளியும்.
வாளிக்குள் கூரை சொட்டுகிறது.
திரையில் மாறற்றிறன் அட்டவணை.

உரம் மூன்று அளவு: பூச்சியம், பாதி, முழுசு.
கவ்வாத்து இரண்டு உயரம். தேயிலை இரண்டு இனம்.
பெருக்கினால் பன்னிரண்டு கட்டம்,
நாலு தொகுதியில் நாற்பத்தெட்டுத் துண்டு நிலம்.
இரண்டு வருஷம், கிழமைக்கு ஒருதரம் தராசு.

உரத்தின் வரியில் நட்சத்திரம் இருக்கிறது.
சற்றுக் கீழே
உரமும் கவ்வாத்தும் கைகோத்த வரியிலும் இருக்கிறது.
அதைக் கண்டபின்
எந்த உரம் நல்லது என்று கேட்க வாய் வரவில்லை.
எந்த உயரத்தில் வெட்டிய செடிக்கு?
அதைச் சொல்லாமல் பதில் இல்லை.

விஜேகோன் துரைக்கு இது பிடிக்கவில்லை.
"எல்லாத்தையும் எல்லாத்தோடயும் ஒத்துப் பாருங்க,
மெஷின்தானே செய்யப்போகுது."
பன்னிரண்டுக்குள் சோடி அறுபத்தாறு.
மெஷின் செய்தது.

பத்துப் பதினொரு நட்சத்திரம் விழுந்தன.
ஒன்றின்மேல் துரை விரலை வைத்தார்:
இரண்டாம் இனம், உயர வெட்டு, பாதி உரம்
முதலாம் இனம், தாழ வெட்டு, முழு உரத்தை வென்றிருக்கிறது.
"இது போதும். உரச் செலவு பாதியாகுது."

இனம் வேறு, வெட்டு வேறு, உரம் வேறு.
மூன்றும் ஒரேயடியாய் மாறிய இடத்தில்
எது எதைச் செய்தது என்று நான் யாரிடம் கேட்பேன்?
இன்னொன்றும் சொன்னேன்:
ஒன்றுமே இல்லாத பள்ளத்தில்
அறுபத்தாறு தரம் கல்லெறிந்தால்
மூன்று தரமாவது ஏதோ சத்தம் கேட்கும் சார்.
அவர் குடையை விரித்துக்கொண்டு பக்டரிக்குப் போனார்.

பழைய கொப்பியைத் திறந்தேன்.
முதல் பக்கத்தில் அட்டை கடித்த இரத்தம் காய்ந்திருக்கிறது.
அதற்குக் கீழே, முதல் உரமூட்டை பிரிப்பதற்கு முந்திய நாள்
பென்சிலால் எழுதிய கேள்விகள்.
பாதிக்கும் முழுசுக்கும் வித்தியாசம் உண்டா?
பூச்சியத்துக்கும் மற்றதுக்கும்?
உயரத்துக்கு உயரம் பிரித்தேன். நாலாயிற்று.

நூற்றுக்கு ஐந்து,
அவ்வளவுதான் எனக்குப் பிழைவிட அனுமதி.
ஒற்றை ரொட்டியைப் போல நாலாய்ப் பிட்டேன்.
அறுபத்தாறாய்ப் பிட்டிருந்தால்
யாருக்கும் பசியாறியிராது.

உயர வெட்டிய செடிக்கு முழு உரம் பேசுகிறது.
தாழ வெட்டியதில்
பாதியும் முழுசும் ஒன்றென்று சொல்லமாட்டேன்;
வேறென்று சொல்லச் சாட்சி போதவில்லை.

மூன்றை முடித்து நாலாவதைத் தொடும்போது
படங்குச் சாக்கை உதறிக்கொண்டு யோகமலர் வந்தாள்.
"அக்கா, நீங்க சீட்டுக் குலுக்கி
எனக்கு உரமில்லாத துண்டு விழுந்த நாளெல்லாம்
அரைப் பேர்தான் போட்டிருக்காங்க."

செக்ரோலை வாங்கிப் பார்த்தேன்.
இரண்டு வருஷத்தில் பதினேழு அரைப் பேர்.
அந்தந்தத் திகதிக்கு என் தாளில் பூச்சியம் என்று இருக்கிறது.
கிலோ குறைந்ததும் உண்மை.
குறையவேண்டும் என்றுதான் நான் உரம் போடவில்லை.

இந்தச் சோடி கொப்பியின் முதல் பக்கத்தில் இல்லை.
பார்த்த பிறகு கேட்கும் கேள்விக்கு விலை கூட
என்று இவ்வளவு நேரம் துரைக்குச் சொன்னவள் நான்தான்.
கூடட்டும்.
அறிக்கையின் கடைசித் தாளில்
பதினேழு திகதியையும் எழுதினேன்,
எதிரே நட்சத்திரம் இல்லை, பி பெறுமானம் இல்லை,
ரூபாய்க் கணக்கு மட்டும்.

"கையெழுத்து யார் போடுவா?" என்றாள்.
தெரியவில்லை என்றேன்.
வாளி நிரம்பிவிட்டிருந்தது.
ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கானுக்குள் ஊற்றினோம்.
அவள் போனபின்
நாலாவதை ஓடவிட்டேன்.