இரண்டு நொடி

மேடையின் வலது ஓரத்தில் எனக்கென்று ஒரு விளக்கு.
கறுப்புச் சட்டை, மோதிரம் கழற்றிய விரல்கள்.
தொலைக்காட்சியின் கீழ்மூலையில்
உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் நான்.
ஹேவர் நகரத்துக் கல்லூரி மண்டபம், அக்டோபர்,
வெளியே அறுத்த கோதுமைத் தாள்களின் மேல் முதல் பனி.
மொன்டானாவின் ஆளுநர் நாற்காலிக்கு இரண்டு பேர்.
மெரிட் ஹால்வர்சன் பேசினால் தோளை இடப்புறம் திருப்புவேன்,
டுவேன் பிரூயிட் பேசினால் வலப்புறம்.
சைகையில் பெயர்ப்பவளுக்குச் சொந்த வாய் கிடையாது.
அவர் 'நான்' என்றால் என் நெஞ்சைத்தான் தொடவேண்டும்.
இவர் 'நான்' என்றாலும் அதே நெஞ்சுதான்.

ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் போனது.
பாசன வாய்க்கால், பள்ளிக் கூரை,
காட்டுத்தீக்கு யார் காசு கொடுப்பது.
பிறகு பிரூயிட் தண்ணீர் குடித்தார்.
தம்ளரைக் கீழே வைக்கும்போதே
அது ஒத்திகை பார்த்த தாகம் என்று பட்டது.
கேள்வி சொத்து வரியைப் பற்றி. அவர் சொன்னது இது:
"மாட்டு ஆஸ்பத்திரிப் பூட்டை உடைத்து
மாத்திரை திருடினான் மகன்.
வீட்டைக் காக்காதவர்
மாநிலத்தைக் காப்பாரா?"

எங்கள் கைமொழியில் மகன் என்பதற்கு
நெற்றியோரம் தொப்பி விளிம்பைப் பிடிப்பதுபோல் விரல் குவித்து,
அந்தக் கையை அப்படியே இறக்கி
மறு கையின் மேல் கிடத்தவேண்டும்,
பச்சைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி.
வேறு வழி கிடையாது.
திட்டுவதற்கென்று தனி மகன் இல்லை அந்த மொழியில்.
பிரூயிட்டின் முகத்தை என் முகத்தில் மாட்டிக்கொண்டு
புருவம் நெரித்தேன், உதட்டைச் சுழித்தேன்.
கைகள் தம் பாட்டுக்கு
ஏந்திக்கொண்டிருந்தன.

ஹால்வர்சனுக்கு முப்பது நொடி.
பலகைக்குப் பின்னால் அவர் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார்.
வெறுங்கால் தரையை அழுத்தியது.
நான் பார்த்தேன். அது பேச்சில் சேராது.
"அவன் பெயர் ஆண்டர்ஸ்" என்றார்.
ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, ஒவ்வொன்றாக விரலில் கோத்தேன்.
"இருநூற்றுப் பதினோரு நாளாக அவன் எதையும் தொடவில்லை.
உங்கள் வீடுகளிலும் ஓர் ஆண்டர்ஸ் இருக்கிறான்,
அவர்களுக்காகத்தான் நிற்கிறேன்.
ஆமாம், அவன் என் மகன்."
நல்ல பதில். எவரோ வாரக்கணக்கில் இழைத்த பதில்.
கூட்டம் எழுந்து கைதட்டியது.
மூன்றாம் வரிசை ஓரத்தில்
கோட்டைக் கழற்றாத ஒரு பையன் மட்டும் எழவில்லை.
அவன்தானா, எனக்குத் தெரியாது.
காலணி நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அந்த நாள்கணக்கை
அவன் அம்மாவிடம் எங்கே வைத்துச் சொன்னான்,
சமையலறையிலா, ஓடுகிற காரிலா?
ஊரறியச் சொல் என்றா சொன்னான்?

கைதட்டலையும் நான் காட்டவேண்டும்.
இரு கையையும் தலைக்கு மேல் உயர்த்தி
காற்றில் இலை புரள்வதுபோல் திருப்பவேண்டும்.
அதற்கு முதலில்
ஏந்தியிருப்பதைக் கீழே விடவேண்டும்.

அதற்குள் கோதுமை விலை வந்துவிட்டது.

மறுநாள் அந்தத் துண்டை மாநிலமே பார்த்தது,
நெருக்கி வெட்டியதில் நான் இல்லை.
இரு கட்சியும் அதையே விளம்பரத்தில் போட்டார்கள்,
பின்னணி இசைதான் வேறு.

புதன்கிழமை நிலையத்துக்கு ஒரு கடிதம்.
லீலண்ட் க்வாமி, பிறவியிலேயே காது கேளாதவர்,
ரயில் பணிமனையில் முப்பது வருடம்.
தாளின் மறுபக்கம் புடைக்கும் எழுத்து:
"கோதுமைக் கேள்வியின் தொடக்கத்தை விட்டுவிட்டீர்கள்.
சரியாக இரண்டு நொடி.
என் தம்பி நானூறு ஏக்கர் விதைத்திருக்கிறான்.
அந்த இரண்டு நொடியில் என்ன கேட்டார்கள்?"

நியாயமான புகார்.
கேள்வியை முழுதாக எழுதினேன், கமா உட்பட.
அடியில், காரணம் சொல்ல ஒரு வரி இடம் இருந்தது.
எழுதி, அடித்து, மறுபடியும் அதையே எழுதினேன்:

கை ஒழியவில்லை.