அறை 207க்கு மேலே

ராத்திரி பதினொன்றே கால்.
வேலூர் காந்தி ரோட்டுப் பின்சந்து,
லாட்ஜின் மொட்டைமாடி அறை.
வெயில் இறங்கியும் சுவர் இறங்கவில்லை.
டேபிள் ஃபேன் என் பக்கம் ஒரு தரம்,
நாற்பத்தொன்பது கட்டைகளின் பக்கம் ஒரு தரம்.

குடியாத்தம் பர்னபாஸ் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட கீபோர்டு.
தானாக ஒரு சத்தமும் போடாது.
லேப்டாப்பிடம் போய்ச் சொல்லும்:
இன்ன கட்டை, இவ்வளவு வேகம், இதோ விட்டுவிட்டாள்.
கோள்மூட்டி.
சொல்வதையும் ஒழுங்காகச் சொல்வதில்லை.

பெடலை மிதித்தால் ஒலி அறுகிறது,
காலை எடுத்தால் இழுத்துக்கொண்டே போகிறது.
மிதித்தபடியே சுவிட்சைப் போட்டிருக்கிறேன்;
மிதிபடுவதுதான் தன் இயல்பு என்று
அது எடுத்துக்கொண்டுவிட்டது.
அணைத்து, காலை மடக்கி உட்கார்ந்து, மறுபடி போட்டேன்.
அது சரியானது.

சரியாகாதது தாளம்.
லேப்டாப் தொண்ணூற்றாறு என்கிறது.
கீபோர்டும் தொண்ணூற்றாறுதான் காட்டுகிறது.
எட்டு அடி சேர்ந்து நடக்கின்றன,
பதினாறில் ஒன்று
செருப்பு வார் அறுந்ததுபோல் பின்தங்குகிறது.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மூன்றாவது கருப்புக் கட்டை,
பிறகு குமிழைத் திருகு.
மெனுவுக்குள் மெனு.
சின்னத் திரையில் நான்கே எழுத்துக்கு இடம்;
எல்லாப் பெயரும் கால் ஒடிந்து நிற்கின்றன.

கதவு தட்டும் சத்தம்.

207-காரர். தபன்.
என் வயதுதான் இருக்கும். லுங்கி, கழுத்தில் ஈரத் துண்டு.
மூன்று வாரத்தில் இந்த ஊர் அவருக்குக் கொடுத்த தமிழ்:
டோக்கன், நாளைக்கு, ரத்தம், ரெண்டு இட்லி, சில்லறை இல்ல.
அதில் இட்லியைக் கழித்துவிட்டு
அறைக்குள் விரல் நீட்டினார்:
"ரெண்டு?"

"நான் ஒருத்திதான்."
நம்பவில்லை. எட்டிப் பார்த்தார்.
கட்டில், குடம், ஒயர், ஹெட்ஃபோன்.
பாட்டெல்லாம் ஹெட்ஃபோனோடு சரி;
அவர் கூரைக்கு இறங்கியது
கட்டையின் டக்கும் என் குதிகாலும் மட்டும்.
கதவுச் சட்டத்தில் தட்டிக் காட்டினார்,
இடக்கை ஒன்று, வலக்கை ஒன்று:
சேர்ந்து, சேர்ந்து, சேர்ந்து,
அப்புறம் மெல்ல விலகி.
சாந்திபூரில் விசைத்தறி மெக்கானிக்காம்.
நாடா தவறினால் தூக்கத்திலேயே தெரியுமாம்.
"ரெண்டு மோட்டார்," என்றார். "ஏக் பந்த்."

குதிகால் லேப்டாப்பைக் கேட்டிருக்கிறது,
விரல் கீபோர்டை.
இரண்டு கடிகாரம், நடுவில் நான்.
க்ளாக்: இன்டர்னல்.
குமிழை ஒரு சொடுக்கு. எக்ஸ்டர்னல்.
உன் நேரத்தை நீ பார்க்காதே,
சொல்கிறவன் சொல்லட்டும்.

ஓடவிட்டேன். பதினாறு. முப்பத்திரண்டு. அறுபத்து நான்கு.
காதில் எதுவும் மாட்டாமல்
என் குதிகாலைப் பார்த்தபடி நின்றார்.
தலையாட்டினார்.
மனைவியின் டோக்கன் முந்நூற்றுப் பன்னிரண்டு,
காலை ஏழு மணிக்கு.
உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டிவிட்டு
படியிறங்கினார்.

அப்புறம் இன்னொரு மெனு தேடினேன்.
வெலாசிட்டி: கடினம், நடுத்தரம், மென்மை.
மென்மையில் வைத்தால்
கட்டை மேல் எறும்பு ஏறினால் போதும், முழு ஒலி.
கீழே ஒன்றும் இறங்காது.
சேமிக்கப் பெயர் கேட்டது.
ஆர், இரண்டு, சைபர், ஏழு.
நான்கெழுத்து. கச்சிதம்.

சனிக்கிழமை காட்பாடி மண்டபத்தில்
மாற்ற மறந்து முதல் கட்டையைத் தொட்டேன்.
பந்தி வரைக்கும் திரும்பிப் பார்த்தது.
மாப்பிள்ளையின் மாமா காதைப் பொத்தினார்.
தபேலா சிகாமணி முறைத்தான்.
அடுத்த பாட்டுக்குள் மாற்றியிருக்கலாம்.
ஷிஃப்ட், மூன்றாவது கருப்புக் கட்டை, ஒரு சொடுக்கு.
விரலைத்தான் குறைத்துக்கொண்டேன்.