கவிழ்த்த கடதாசி

என் நாவலில் நூற்றுத் தொண்ணூறு பக்கம்
ஒருவன் தோற்றுக்கொண்டே இருப்பான்.
முதலில் பத்து மூட்டை நெல்,
பிறகு லான்ட்மாஸ்ரர்,
கடைசியாகக் கிணற்றடி வோட்டர்பம்.
இடையிடையே மழை, உரமானியம், தீராத இருமல்.
படத்தில் அதெல்லாம் ஒரு பாட்டுக்குள் முடிந்தது.
பம் மட்டும் மிச்சம்.
அதன் சத்தம் நன்றாயிருக்கிறதாம்.

ஒட்டுசுட்டானில் மூடிக்கிடந்த அரிசி ஆலைக்குள்
சிவப்பு விளக்குக் கட்டினார்கள்.
நான் எழுதியது பாலைமரத்தின் கீழ்
உரப்பை விரித்த நிழல்.
"நிழலில முகம் விழாது அக்கா"
என்றார் இயக்குநர்,
குளிர்ந்த சோடா ஒன்றைக் கையில் தந்து.

அந்தக் கடைசிக் கடதாசி என்ன? கேட்டார்.
புத்தகத்தில் அவன் அதைக் கவிழ்த்துவைத்து
எழுந்து போகிறான்.
எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை.
மௌனத்தின் அழகு என்று
வவுனியாக் கூட்டமொன்றில் பேசினார்கள்.
நானும் தலையாட்டினேன்.
கமராவுக்குத் தலையாட்டினால் போதாது.

ஆடுதன் ஆசு என்று முடிவாயிற்று.
கதாநாயகன் திருப்புவான், வெல்வான்,
சுற்றி நிற்பவர்கள் மூச்சை இழுக்க வேண்டும்.
நின்றவர்கள் முத்தையன்கட்டு ஆட்கள், நாள்கூலிக்கு.
ஆசு திரும்பியதும் சிரித்துவிட்டார்கள்.
"முந்நூற்றிநாலில
ஒன்பதுக்குக் கீழயெல்லோ தம்பி ஆசு!"
எட்டுத் தரம் எடுத்தும் அதே சிரிப்பு.
சத்தத்தைப் பிறகு சேர்ப்போம் என்று
விளக்கை அணைத்தார்கள்.

பின்னேரம் குலசிங்கம் பக்கத்தில் வந்து குந்தினார்.
என் புத்தகத்தில் அவருக்கு வேறு பெயர்,
ஒரு கண்ணும் இல்லை.
அதைப்பற்றி அவர் இன்றுவரை கேட்டதில்லை.
"அண்டைக்கு அவன்ர கையில கிடந்தது
துரும்பு ஒன்பது.
எழும்பிப் போனாப்பிறகு திருப்பிப் பாத்தனான்."
வென்றிருப்பானா?
"அதுக்கு மேல உள்ளது முதலே விழுந்திட்டுது."

அப்போது ஜெனரேட்டர் நின்றது.
அத்தனை அமைதியில்
ஏன் என்று கேட்க எனக்குக் கூச்சமாயிருந்தது.
பதினொரு வருடம் அவனைத் தோற்கடித்தவள் நான்.

அவர் சம்பள உறையைக் கிழித்தார்,
விரலை நக்கி இரண்டுதரம் எண்ணினார்.
வெளியே யாரோ உரப்பையை உதறி விரிக்கும் ஓசை.
"மூண்டு பேர் இருக்கிறம்,
ஒரு கை குறையுது,
வாறியளோ?"

கைப்பையில்
மாங்குளம் பஸ்ஸுக்கு வைத்த காசு.