உயிர் மட்டும் ஏறும் மாடம்

இஷா முடிந்து இரண்டு மணி நேரம்.
கஸ்தமோனுவில் பனி. சாலையில் வண்டி இல்லை.
இமாம் அறை ஃப்ரிட்ஜின் ஒயரைப் பிடுங்கினோம்.
சுவர்க்கடிகாரத்தைச் சால்வையில் சுற்றிக் காரில் வைத்தோம்.
"இனி மூச்சும் மெல்ல" என்றேன்.
தலையசைத்தார் மூயெஸ்ஸெர்.
பள்ளிவாசலின் சாவி அவரிடம், துடைப்பம் அவரிடம்,
பெண்கள் மாடத்தில் முப்பத்தோராண்டு
வெள்ளிக்கிழமைகளும்.

மிஹ்ராபின் முன் ஒரு சிவப்புப் பலூன்.
ஊசி.

குவிமாடம் அதை உடனே விழுங்கவில்லை.
ஒதுக்கி ஒதுக்கி மென்றது,
பல் போனவர் பாக்கை மெல்வதுபோல்.
திரையில் கோடு சரிவிறங்கி
ஆறரை நொடியில் தரைதொட்டது.
ஆளில்லா இரவின் கணக்கு இது.
ஆள் நிறைந்தால் குறையும்,
கம்பளிக் கோட்டுகள் ஒலி தின்னும்.

கட்டியவனுக்குத் தெரிந்தேயிருக்கிறது.
மாடத்தின் கழுத்தைச் சுற்றி
நாற்பத்தெட்டு மண்சாடி பதித்திருக்கிறான்,
வாய் மட்டும் வெளியே,
மிஞ்சிய முழக்கத்தைக் குடித்துக்கொள்ள.
எந்தப் பழுதுபார்ப்பிலோ
அழகுக்கென்று சிமெண்ட் பூசிவிட்டார்கள்.
தாகத்தோடு கிடக்கின்றன நாற்பத்தெட்டும்.

பெண்கள் பக்கம் வைத்த மைக்கின் எண்கள்
இன்னும் மோசம். சொல்லத் தயங்கினேன்.
அவரே சொன்னார்:
"குத்பாவில் என்ன பேசினார்கள் என்று
வீட்டுக்குப் போய் என் கணவரைத்தான் கேட்பேன்.
அவர் அங்கே தூங்கியிருப்பார்.
எங்களுக்கு மேலே வருவது
ஆ, ஊ, ஏ."

உயிர் ஏறி வருகிறது.
மெய் படிக்கட்டிலேயே நின்றுவிடுகிறது.
என் அட்டவணையில் இதற்கொரு சதவீதம் உண்டு,
இரண்டு தசமத் தானத்துக்குச் சுத்தமாக.

நாற்பத்தோராவது பலூனை
அவர் கையில் கொடுத்தேன். மஞ்சள்.
கூட்டும்போதன்றி அவர் நின்றிராத இடத்தில் நின்று,
கண்ணை இறுக்கிக்கொண்டு குத்தினார்.
தான் எழுப்பிய சத்தத்துக்குத் தானே துள்ளி
சிரித்துவிட்டார்.
வாயைப் பொத்துவதற்குள் அது போய்விட்டது,
தூண் தூணாய்,
சாடிகளின் அடைபட்ட வாய்களைத் தடவி.
சிரிப்பில் மெய்யெழுத்து அதிகமில்லை.
ஒரு சொட்டும் சிந்தாமல் மேலேறி
அவர் வழக்கமாய் உட்காரும் மூலையில்,
அங்கே நான் வைத்திருந்த மைக்கின் முன்
வந்து உட்கார்ந்தது.

விதிப்படி அந்தப் பதிவு செல்லாது.
அழிக்கவில்லை.
எண்ணை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தேன்.

சாடிகளைத் திறக்கப் பணம் வந்தால்
வசந்தத்தில் சாரம் கட்டுவார்கள்.
வராவிட்டால் இல்லை.

பூட்டியபின்தான் நினைவு வந்தது ஃப்ரிட்ஜ்.
பனியில் செருப்பு வழுக்க வழுக்கத்
திரும்பி ஓடினார் மூயெஸ்ஸெர்.
உள்ளே இமாமின் தயிர்.