அறுபதாவது சுற்று

ஐம்பத்தொன்பது வரை எல்லோருக்கும் ஒரே மூச்சு.
குஷிரோ துறைமுகத்துக்கு மேலே, மேட்டுப் பள்ளியின் கூடத்தில்,
பிப்ரவரிக் குளிரில்,
இருவர் சுழற்றிய ஒற்றைக் கயிற்றின் மேல்
இருபத்து நான்கு பேர்
எழும்பினார்கள், இறங்கினார்கள்.
யுஸுகி உரக்க எண்ணினாள்.
பக்கத்து வகுப்பின் கணக்கு அறுபது.
இன்னும் இரண்டு போதும்.

கயிறு நின்றது.
சியோரியின் இடது கணுக்காலில் சுற்றிக்கொண்டு கிடந்தது,
வீடு தேடி வந்துவிட்ட பூனையைப் போல.

"பரவாயில்லை" என்றார் ஆசிரியை.
"பரவாயில்லை" என்றாள் யுஸுகி.
ஒருவர் பின் ஒருவராக வகுப்பில் மிச்சமிருந்த அத்தனை பேரும்.
இத்தனை பேர் சொல்லவேண்டி வந்தால்
அது பரவாயில்லாத விஷயமா என்ன?

இரவு, வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து
இடது காலைத் தண்ணீருக்கு வெளியே எடுத்துப் பார்த்தாள்.
ஒரு சிவப்புக் கோடு.
அதுவும் மங்கிக்கொண்டிருந்தது.
மங்கக்கூடாது என்று
நகத்தால் ஒருமுறை இழுத்துவிட்டாள்.

மீன் தொழிற்சாலையிலிருந்து வந்த அம்மா,
விரலில் சால்மன் முட்டையின் உப்பு வாசத்தோடு,
கதவுக்கு வெளியே நின்று
"வெறும் கயிறுதானே" என்றாள்.
வெறும் கயிற்றைக்கூடத் தாண்டத் தெரியாதவள்
என்றுதான் உள்ளே கேட்டது.

விளக்கணைத்த பிறகு இலக்கணம் மாறியது.
தடுக்கினேன் என்பது
தடுக்குவேன் ஆயிற்று,
பிறகு தடுக்குகிறவள்.
ஒரு நொடியில் முடிந்துபோன வினை
பெயராகி வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது.
அதற்குத் துணையாக
இரண்டாம் வகுப்பில் கவிழ்த்த பால்,
எல்லோரும் நிறுத்திய பிறகு
அவள் மட்டும் ஊதிய ஒரு ஸ்வரம்,
யாரும் கூப்பிடாத ஒரு பிறந்தநாள்,
ஒவ்வொன்றாய்ப் போர்வைக்குள் நுழைந்தன.
ஐம்பத்தொன்பது முறை தாண்டிய கால்களுக்காகப் பேச
ஒன்றும் வரவில்லை.

நுசமாய் பாலத்துக்கு அந்தப் பக்கம்
இப்புகியும் விழித்திருந்தான்.
கயிற்றின் ஒரு முனை அவன் கையில்தான் இருந்தது.
ஐம்பதில் மணிக்கட்டு கடுக்கத் தொடங்கியது.
ஐம்பத்தொன்பது முடிந்ததும் பிடியை மாற்றினான்.
கொஞ்சம்தான்.
கயிறு ஒரு விரல் உயரம் மேலே வந்திருக்கும்.
அவள் எல்லோருக்கும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டபோது
அவன் அதை
மிக மிக ஒழுங்காகச் சுருட்டிக்கொண்டிருந்தான்.
இப்போது கூரையைப் பார்த்து
'என் கைதான்' என்று சொல்லிப் பார்க்கிறான்,
மெதுவாக, வேகமாக, சிரித்தபடி.
எப்படிச் சொன்னாலும்
தாமதமாகவே வருகிறது.

காலையில் ஆற்றில் பனித்தட்டுகள்.
தாமரை இலை என்பார்கள் ஊரில்.
ஒன்றோடொன்று முட்டி முட்டி
விளிம்பு தூக்கிக்கொண்ட வட்டங்கள்,
கடலுக்குப் போவதா வேண்டாமா என்று
நின்ற இடத்தில் திரும்பிக்கொண்டிருந்தன.
பாலத்தின் கைப்பிடியில் சியோரி,
பள்ளிக்கு முதுகைக் காட்டி.

இப்புகி வந்து நின்றான்.
ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை.
கையுறையைக் கழற்றி மணிக்கட்டைக் காட்டினான்.
ஒட்டியிருந்த துணியில் தைல நெடி.
"கயிறு மேலே வந்துடுச்சு. நான்தான்."

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தான்.
கோபம் வந்தது.
ராத்திரி முழுக்க அவள் சுமந்ததை
இவன் ஒரு வார்த்தையில் எடுத்துக்கொண்டு போவதா?

"இல்ல, என் கால்."
"என் கை."
"நான் லேட்டா குதிச்சேன்."
"நான் சீக்கிரமா சுத்தினேன்."
"உனக்கென்ன தெரியும்,
என் கால்லதானே இருந்தது கயிறு!"

மேட்டில் முதல் மணி அடித்தது.
இருவர் வாயிலிருந்தும் வெண்புகை.
சண்டை எப்போது சிரிப்பின் ஓரத்துக்கு வந்தது
என்று தெரியவில்லை, ஆனால் வந்திருந்தது.

அப்போது பின்னாலிருந்து
பை குலுங்க ஓடிவந்தாள் யுஸுகி.
கண்கள் வீங்கியிருந்தன.
மூச்சு வாங்க, இருவரையும் பார்க்காமல்,
ஆற்றிடம் சொல்வதுபோல் சொன்னாள்:

"நாற்பத்திரண்டை
நான் ரெண்டு தடவை எண்ணிட்டேனோ என்னமோ."